கண்டக்டர் அண்ணனின் நூறு ரூபாய்

அதிகமாகப் பணம் கொடுக்க வந்தவர்களோடு சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் அவர்தான். நிதி திரட்ட ஒருவரைப் போட்டு, அவர் வந்த நிதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சங்கத்தின் செயலாளருக்கு எப்படி இருக்கும்? அந்தச் செயலாளர் நான்தான். பதினோரு வருஷம் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் காவிரிப் பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு மேலே. ஊரே கண்டக்டர் அண்ணன் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் மட்டும் செயலாளரே.

ஓய்வு பெற்ற மறு வாரமே பெரிய கடைவீதிக்குப் போய் சொந்தக் காசில் ஒரு தோல் பை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கேட்டால், "பை இல்லாம நடந்தா ஒரு பக்கமா சாயிறேன் தம்பி" என்பார். அந்தப் பைக்குள் சங்கத்தின் ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், நிறையச் சில்லறை. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்வார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரமாட்டார். நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து, வீடே ஆடிக்கொண்டு போவதுபோலக் கால்களை அகட்டி நின்றபடி ரசீது எழுதுவார்.

சங்கத்தின் சந்தா வருஷத்துக்கு நூறு ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா வாங்கமாட்டார் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக நான் பதவி உயர்வு பெற்றிருந்த சமயம். சந்தா கேட்டு வந்தவரிடம் கொஞ்சம் பெருமையாகவே ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"மீதி வேண்டாம்ணே. சங்கத்துக்கே இருக்கட்டும்."

"எத்தனை பேரு?"

"என்னது எத்தனை பேரு?"

"நீங்க ஒருத்தர்தானே? அப்ப ஒரு டிக்கெட்தான்" என்று நானூறை எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி உள்ளே சிரித்தாள். எனக்கு அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருந்தது.

அந்தக் கடுகடுப்பு பிறகும் முழுதாகப் போகவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தில்லைநகரில் பெரிய மருத்துவமனை வைத்திருக்கும் எங்கள் பள்ளி மாணவர் ஒருவர் ஆயுள் சந்தாவாக ஐயாயிரம் தருகிறேன் என்றார். சந்தோஷமாகச் சொல்லியனுப்பினேன். கண்டக்டர் அண்ணன் போனார், நூறு ரூபாயோடு திரும்பி வந்தார்.

"ஆயுள் சந்தா வாங்கிட்டா ஆயுசுக்கும் நான் அவரு வீட்டுக்குப் போக முடியாது தம்பி. எதைச் சொல்லிட்டுப் போறது?"

"நீங்க எதுக்குண்ணே போகணும்? பணம்தான் வந்துடுச்சே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விளக்கிச் சொல்ல வார்த்தை கிடைக்காதவரின் தவிப்புதான் இருந்தது. எனக்கும் அப்போது அதைக் கேட்டு வாங்கப் பொறுமை இல்லை.

சந்தா கேட்பதில் அவருக்கு நேரம் காலம் கிடையாது. ஜனவரி பிறந்துவிட்டால் போதும். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு மேடை ஏறியவர், மாலையோடு நின்ற மாப்பிள்ளையிடம், "போன வருஷமும் பாக்கி இருக்கு தம்பி" என்றார். பட்டு வேட்டியில் பை ஏது? பாவம், மாப்பிள்ளை தன் தோழனிடம் இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். அந்தப் புகைப்படத்தில் மாப்பிள்ளை கையில் ரசீது இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. நான் மட்டும் சங்கத்தின் மானம் போகிறதே என்று புழுங்கினேன்.

உறுப்பினர் படிவத்தை நான் புதிதாக அச்சடித்தபோது ஒரு தகராறு. படிப்பை முடித்த ஆண்டு என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அவர் அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடித்து, சேர்ந்த ஆண்டு என்று திருத்தி எடுத்து வந்தார். ஒரு படிவம் இல்லை, முந்நூறு படிவம். உறையூரில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஆறாம் வகுப்போடு நின்றுபோனவர். அவரைச் சேர்ப்பதற்காகத்தான் இத்தனையும்.

"பாதியில நின்னவங்க எப்படிண்ணே முன்னாள் மாணவர் ஆவாங்க?"

"ஏறினாங்கல்ல? எந்த ஸ்டாப்புல எறங்கினா நமக்கென்ன?"

இப்படியே அவர் சேர்த்ததில் சங்கத்தில் பாதிப்பேர் பள்ளியை முடிக்காதவர்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், பந்தல் போடுபவர், கொள்ளிடக்கரையில் துணி வெளுப்பவர். ஆண்டுக் கூட்டத்தில் டாக்டர் பக்கத்தில் இட்லிக் கடை அம்மா உட்கார்ந்திருப்பார். ஒரே நூறு ரூபாய்தான் என்பதால் யாருக்கும் முன் நாற்காலி கிடையாது. வந்த வரிசையில் உட்கார வேண்டும். அது அழகான காட்சி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் களைகட்டவில்லை என்றுதான் தோன்றியது.

அந்த நூறு ரூபாய்களை வைத்துச் சங்கம் ஒரே ஒரு காரியம் செய்தது. பள்ளியின் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கு மாதச் சம்பளம், பினாயில், வாளி, குழாய் ரிப்பேர். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. கல்வெட்டு வைக்க முடியுமா அதற்கு?

அப்போதுதான் பெண் பிள்ளைகளின் பழைய கழிப்பறைக் கூரை காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பொண்ணுங்க காலையில தண்ணியே குடிக்காம வர்றாங்க சார். சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரு ஸ்கூலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க" என்றார். எனக்கு மகள் இருக்கிறாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சிங்கப்பூரில் கட்டுமானத் தொழில் செய்யும் எங்கள் பள்ளிக்காரர் ஒருவருக்கு ஃபோன் செய்தேன். ஜீயபுரத்தில் வாழை விவசாயி வீட்டுப் பிள்ளை. கண்டக்டர் அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். முந்தின வருஷம் அம்மாவின் காரியத்துக்கு ஊர் வந்திருந்தபோது அவரையும் விடாமல் நூறு ரூபாய் வாங்கிச் சேர்த்தது கண்டக்டர் அண்ணன்தான். நான் சொன்னதைக் கேட்டதும், மொத்தச் செலவும் என்னுடையது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே கூட்டம் போட்டு, பெருந்தொகை தருபவர்களுக்குப் புரவலர் என்று ஒரு தனிப் பிரிவு, அவர்களுக்குச் சந்தா கிடையாது, மேடையில் இடம் உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

கண்டக்டர் அண்ணன் எழுந்தார். "அவன் ஸ்கூலுக்குக் கட்டட்டும். தாராளமா கட்டட்டும், புண்ணியம். ஆனா சங்கத்துல அவனுக்கும் நூறு ரூபாதான். சந்தா இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க."

"லட்சக்கணக்குல குடுக்கிறவர்கிட்ட நூறு ரூபா கேக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

வாக்கெடுப்பு. தூக்கிய கைகளை அவரையே எண்ணச் சொன்னோம், அதில் அவருக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் ஒழுங்காக எண்ணி, தான் தோற்றுப்போனதைத் தானே உரக்க அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். அதுவும் அவர் குணம்தான்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. திறப்பு விழாவுக்குச் சிங்கப்பூர்க்காரர் வந்தார். சந்தன நிற ஓடு, புதுக் குழாய், வாசலில் அவர் அம்மா பெயரில் கல்வெட்டு. நான் பொன்னாடை போர்த்தினேன். கைதட்டல் அடங்குவதற்குள் கண்டக்டர் அண்ணன் பையோடு மேடை ஏறினார்.

பெரிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "என்னப்பா, சேர்ந்த வருஷம் குடுத்ததோட சரி. மூணு வருஷம் பாக்கி. முந்நூறு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிங்கப்பூர்க்காரரும் சிரித்தபடி ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். இவர் நிதானமாக இருநூறைத் திருப்பிக் கொடுத்து, மேடைத் தூணில் சாய்ந்துகொண்டு மூன்று ரசீது எழுதினார். மைக் அதுவரைக்கும் கார்பன் தாள் புரளும் சத்தத்தைத்தான் ஒலிபரப்பியது.

விழா முடிந்ததும் அவரைப் புதுக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். என்ன பேசினேன் என்பது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"பிச்சைக்காரன் மாதிரி மேடையில வந்து நிக்கிறீங்களே, அசிங்கமா இல்ல? இன்னும் பஸ்லயே இருக்கிறதா நெனப்பா உங்களுக்கு?"

அவர் பைக்குள் கைவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். கார்பன் தாளை நடுவில் சரியாக வைத்து மூடி என்னிடம் கொடுத்தார்.

"சரிங்க செயலாளரே. நான் இங்கயே எறங்கிக்கிறேன்."

நான் தடுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அதன்பின் சந்தாவை நவீனமாக்கினேன். வாட்ஸ்அப் குழு, கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் படம், மாதம் ஒரு நினைவூட்டல். முதல் வருஷம் நூறு பேர் போல அனுப்பினார்கள். அடுத்த வருஷம் நாற்பது. அதற்கடுத்து விரல்விட்டு எண்ணலாம். கேட்டால், "புரவலர்லாம் இருக்காங்களே சார், நம்ம நூறு ரூபா எதுக்கு?" என்றார்கள். புரவலர்களோ கட்டடம் கட்டுவார்கள், மேசை நாற்காலி வாங்கித் தருவார்கள். பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் எந்தப் புரவலர் வருவார்? சுத்தம் செய்யும் அம்மாவுக்கு நாலு மாதம் சம்பளம் நின்றது. அவரும் எத்தனை நாள் பொறுப்பார், வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நாற்றம் வகுப்பறை வரைக்கும் வந்ததும் கழிப்பறையைப் பூட்டினார்கள்.

தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்பு சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். பொண்ணுங்க தண்ணி குடிக்காம வர்றாங்க சார். கல்வெட்டு பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே பூட்டு தொங்கியது. அங்கே நின்றபோது எனக்கு வந்த அவமானத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிங்கப்பூருக்கு ஃபோன் செய்தேன். மாதாமாதம் செலவுக்கு அவரையே கேட்டுவிடலாம் என்று எண்ணம். முழுவதும் கேட்டுவிட்டு, "அவன் எங்க?" என்றார்.

"யாரு சார்?"

"என் பெஞ்சுக்காரன். எனக்கு இன்னும் மூணு வருஷ பாக்கி ஆயிருக்கும். கேக்கவே இல்லையே? விழாவுல எல்லாரும் சார் சார்னீங்க. அவன் ஒருத்தன்தான் என்னை உங்க ஆளுன்னு நெனச்சான். நீங்க சந்தா கேட்டு வாங்க, தர்றேன். எல்லார்கிட்டயும் வாங்கிட்டு என்கிட்ட வாங்க."

ஆக, அன்றைக்கு அவமானப்பட்டது சிங்கப்பூர்க்காரர் இல்லை. நான்தான் அவருக்காகப் பட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பினேன். முதலில் உறையூர் இட்லிக் கடை. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கண்டக்டர் அண்ணன் வரலீங்களா? உடம்புக்கு முடியலையா?" பிறகு சுவரில் ஒரு கம்பியைக் காட்டினார். அவர் கொடுத்த ரசீதுகள் எல்லாம் வருஷ வரிசையில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. மாவுக் கை படாமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் உறை.

"அவரு வந்தா டீ கூடக் குடிக்க மாட்டாருங்க. தண்ணி மட்டும்தான். வாசல்ல நின்னுக்கிட்டே எங்க செட்டுல யாரு எங்க இருக்கா, யாரு வீட்டுல கல்யாணம், எல்லாம் சொல்லிட்டுப் போவாரு. நான் ஸ்கூலுக்குப் போனேன்னு என் புள்ளைங்களே நம்ப மாட்டாங்க. இந்த ரசீதைத்தான் காட்டுவேன்."

மூன்று வருஷத்துக்கு முந்நூறு கொடுத்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள். என்னிடம் சில்லறை இல்லை. பக்கத்துக் கடைக்கு ஓடி மாற்றிக்கொண்டு வந்து இருநூறைக் கொடுத்தேன். அன்று மாலையே ஒரு பை வாங்கினேன்.

வீடு வீடாகப் போக இரண்டு மாதம் ஆயிற்று. எல்லா வாசலிலும் அதே கேள்வி. நூறு ரூபாய் கொடுப்பதற்கு அவர்களுக்கு வருத்தமே இல்லை. ஒருத்தர் நடந்து வந்து, உன் சந்தா இன்னும் வரவில்லை என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். அதை அவர் பதினோரு வருஷமாக என் கண் முன்னால் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் நூறு ரூபாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழிப்பறை திறந்தது. பழைய அம்மாவையே தேடிப் பிடித்துப் பாக்கிச் சம்பளத்தோடு கூட்டிவந்தோம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காக, இடுப்பெலும்பு முறிந்து ஜீயபுரத்தில் மகள் வீட்டில் படுத்திருந்த கண்டக்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். வாழைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. வாசலைப் பார்த்தபடி கட்டில். தோல் பை ஆணியில் தொங்கியது. ஆள் பாதியாகிவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே கையை ஆட்டி நிறுத்தினார். பேர் பேராக விசாரித்தார். டாக்டர் குடுத்தாரா, இட்லிக் கடை குடுத்துச்சா, பந்தல்காரரு குடுத்தாரா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"அப்ப எல்லார்கிட்டயும் வாங்கிட்டீங்க?"

"எல்லார்கிட்டயும் வாங்கிட்டேண்ணே. சிங்கப்பூரு மட்டும்தான் பாக்கி. கடைசியா வாங்கன்னு சொல்லியிருக்காரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி."

எனக்குப் புரியவில்லை. அவர் சிரமப்பட்டுத் திரும்பி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மூன்று நூறு ரூபாய் நோட்டுகள். நீளவாக்கில் மடித்தவை.

"மூணு வருஷமா எடுத்து வச்சிருக்கேன். வாங்கறதுக்கு யாரும் வரல."

அவர் மகள் வாசற்படியில் நின்று சொன்னார்: "ஜனவரி வந்தா வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாருங்க. நான் வேணா ஃபோன் பண்ணிச் சொல்லட்டுமாப்பான்னு கேட்டேன். கண்டக்டரு வந்து கேக்கணும், நாம கூப்பிடக் கூடாதுன்னுட்டாரு."

நோட்டுகளை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ரசீது?"

மன்னிப்புக் கேட்கத்தானே வந்தேன், ரசீதுப் புத்தகம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் இருந்தது. ரசீது இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டார். பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே வெயிலில் மறுபடி ஜீயபுரம் வந்தேன். உட்காரச் சொன்னார் மகள். நான் நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்று, அவர் பெயரை மூன்று தடவை எழுதினேன். கிழித்துக் கொடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் என் ரசீதை நானே எழுதிக்குவேன் தம்பி. இன்னொருத்தர் கையால எழுதி இப்பத்தான் பாக்குறேன்."

மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். காரியத்துக்கு வந்த கூட்டத்தில் சங்கத்துக்காரர்கள்தான் அதிகம். டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இட்லிக் கடை அம்மா. சிங்கப்பூர்க்காரர் விமானம் ஏறி வந்து, எல்லாம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்து, மூன்று நூறு ரூபாய் நோட்டுகளைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

இந்த ஜனவரியில் நான் எல்லா வீட்டுக்கும் போய்வந்துவிட்டேன். ஒருவரும் பாக்கியில்லை. கடைசி நாள் சாயங்காலம் பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சந்தா கேட்டு யாரும் வரவில்லை. உள்ளே போய், என் ரசீதை நானே எழுதிக்கொண்டேன்.